மூளைத் தமனியில் ஒரு கொப்புளம்: அடைத்த பின் மீண்டும் திறக்குமா?

தூத்துக்குடித் துறைமுகத்தை நீங்கள் நேரில் காணாவிட்டாலும் படத்திலாவது கண்டிருப்பீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கி இரண்டு நீண்ட கைகள் போல இரு கற்சுவர்கள் நீண்டிருக்கும். வடசுவரின் நீளம் ஏறத்தாழ 4,098 மீட்டர். தென்சுவரின் நீளம் ஏறத்தாழ 3,873 மீட்டர். இயற்கை அங்கே ஆழ்கடல் துறைமுகம் எதையும் அமைத்துத் தரவில்லை. பாறைக் கற்களைக் கடலில் கொட்டிக் கொட்டி மனிதனே அமைத்துக்கொண்டான். 1974-ஆம் ஆண்டு அது நாட்டின் 10-ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சுவருக்கு வெளியே அலை புரளும். உள்ளே தண்ணீர் அடங்கி நிற்கும். கப்பல்களுக்கு அந்த அமைதிதான் வேண்டும். ஆனால் அமைதியான நீரில் ஒரு தொல்லையும் உண்டு. ஓடும் நீர் மணலையும் வண்டலையும் சுமந்து செல்லும். நின்ற நீர் சுமையை இறக்கி வைத்துவிடும். அதனால்தான் துறைமுகங்களில் தூர்வாரும் கப்பல்களுக்கு வேலை இருக்கிறது. தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கொற்கையை எண்ணிப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் அது முத்துக்குப் பெயர்போன கடல்துறை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தில் படிந்து படிந்து, கடல் விலகிப் போயிற்று. இன்று கொற்கை கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஓர் ஊர்.

மருத்துவக் கட்டுரையில் துறைமுகக் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? மூளையின் தமனியில் உண்டாகும் ஒரு கொப்புளத்தை அடைக்க இன்று மருத்துவர்கள் கையாளும் முறைகளுள் ஒன்று, கிட்டத்தட்ட இந்தச் சுவர் வேலைதான். தலைமயிரை விட மெல்லிய கம்பிகளால் பின்னிய ஒரு குழாயைத் தமனிக்குள் வைத்து, கொப்புளத்துக்குள் இரத்தம் பாய்ந்தோடாமல் செய்துவிடுகிறார்கள். மீதி வேலையைத் தேக்கம் பார்த்துக்கொள்கிறது. அந்த அடைப்பு நிலைக்குமா, எத்தனை பேருக்கு நிலைக்கும், அதை எப்படி அறிகிறோம் என்பதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

கொப்புளம் உண்டாவது எப்படி?

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடை உள்ளது. உடல் எடையில் இது 50-இல் ஒரு பங்குதான். ஆனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 100-க்கு 15 பங்கை அது வாங்கிக்கொள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர்! கழுத்தின் வழியே ஏறும் நான்கு தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விளக்கி எழுதியதால் 'வில்லிஸ் வளையம்' எனப் பெயர் பெற்றது. வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் கவைகளில் இரத்தம் நேராக வந்து மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவர் உடலின் மற்றத் தமனிகளைவிட மெல்லியது. கவைகளில் தசை அடுக்கும் குறைவு. ஆகவே சிலருக்கு அந்த இடத்தில் சுவர் மெல்ல மெல்ல வெளியே பிதுங்குகிறது. சைக்கிள் டயரில் வெட்டு விழுந்த இடத்தில் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது போல.

இதற்கு அன்யூரிசம் என்று பெயர். நாம் தமனிக் கொப்புளம் என்று சொல்லிக்கொள்வோம். மேலை நாட்டு மருத்துவர்கள் காம்பில் தொங்கும் சிறு பழத்துக்கு இதை ஒப்பிட்டார்கள். நம் கடற்கரையில் பிறந்த மருத்துவர் பெயரிட்டிருந்தால் முத்து என்றே சொல்லியிருப்பார்; பெரும்பாலானவற்றின் அளவு முத்தின் அளவுதான், சில மில்லிமீட்டர். தமனியோடு அது ஒட்டியிருக்கும் வாய்ப்பகுதிக்குக் 'கழுத்து' என்று பெயர். கழுத்து என்ற இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். கதை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

பிதுங்கிய சுவருக்கு ஒரு விபரீதமான பண்பு உண்டு. உருண்டையான ஒரு பையின் சுவரில் உள்ள இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் பையின் ஆரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். இது லாப்லாசின் விதி. இரத்த அழுத்தம் மாறாமல் இருக்கிறது, ஆரம் மட்டும் இரு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசையும் இரு மடங்காகும். அதே நேரத்தில் சுவர் விரிந்து மெலிந்தும் போகிறது. சுமை கூடக்கூடத் தாங்குவது மெலிகிறது. பெரிய கொப்புளத்துக்கு மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான்.

வயது வந்தோரில் 100-க்கு 3 பேருக்கு இத்தகைய கொப்புளம் இருக்கக்கூடும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைப் படித்ததும் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்! அவற்றுள் மிகப் பல வாழ்நாள் முழுதும் வெடிப்பதே இல்லை. 2003-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், வளையத்தின் முன்பகுதியில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவான கொப்புளம் உடையோரில், முன்பு வேறு கொப்புளம் வெடித்த வரலாறு இல்லாதவர்களை 5 ஆண்டு கவனித்தபோது, ஒருவருக்கும் வெடிக்கவில்லை. 13 முதல் 24 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றில் 100-க்கு 14.5 வெடித்தன. 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 100-க்கு 40. லாப்லாசின் விதி மருத்துவமனைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருப்பது தெரிகிறதா?

வெடித்துவிட்டால் நிலைமை வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீர்வெளியில் இரத்தம் பீறிடும். 'வாழ்நாளில் இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்லை' என்று சொல்லத்தக்க வலி நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும். வாந்தி, கழுத்து விறைப்பு, சில வேளை நினைவிழப்பு. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகின்றனர். முதல் நாளிலேயே மறுபடி வெடிக்கும் ஆபத்து மிகுதி. ஆகவே அத்தகைய திடீர்த் தலைவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்திருப்பது தகாது. அப்போதே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகைபிடித்தலும் உயர் இரத்த அழுத்தமும் கொப்புளம் உண்டாகவும் வெடிக்கவும் துணை செய்பவை.

கிளிப்பும் சுருளும்

1927-இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்பவர் மூளைத் தமனிகளுக்குள் எக்ஸ் கதிரில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார். ஆஞ்சியோகிராம் பிறந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1937-இல், அமெரிக்காவில் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, கொப்புளத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றை மாட்டினார். துணி உலர்த்தும் கொடியில் மாட்டுகிறோமே, அந்தக் கிளிப்பின் வேலைதான்: கழுத்தை நெருக்கிப் பிடித்துவிட்டால் பைக்குள் இரத்தம் போகாது. நம் நாட்டில் 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவப் பிரிவுகளைத் தொடங்கினர்.

மண்டையோட்டைத் திறக்காமல் உள்வழியே போக முடியாதா? மாஸ்கோவில் செர்பினென்கோ என்ற மருத்துவர், மே தின விழாவில் சிறுவர் கையில் கயிற்றில் ஆடிய பலூன்களைப் பார்த்து ஒரு யோசனை பெற்றார் என்பார்கள். நுண்குழாயின் முனையில் சிறு பலூனை இரத்த ஓட்டத்தோடு அனுப்பி, உரிய இடத்தில் ஊதி, அங்கேயே கழற்றிவிடும் முறையை அவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டார். பலூன் விறைப்பானது, கொப்புளத்தின் வடிவத்துக்கு அடங்காது. 1990-இல் இத்தாலிய மருத்துவர் குய்டோ குக்லியெல்மி அமெரிக்காவில் பிளாட்டினக் கம்பிச் சுருள்களைப் பயன்படுத்தினார். தொடை இடுக்கிலுள்ள தமனியில் நுழையும் நுண்குழாய் மூளை வரை செல்கிறது. அதன் வழியே மென்மையான சுருள் பைக்குள் போய் நூல்கண்டு போலச் சுருண்டுகொள்கிறது. சிறு மின்னோட்டம் செலுத்தினால் தள்ளுகம்பியிலிருந்து சுருள் கழன்றுவிடும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள்களை நிரப்பினால், அவற்றின் இடையே இரத்தம் தேங்கி உறைந்து பை அடைபடும்.

கிளிப்பா, சுருளா, எது நல்லது? வெடித்த கொப்புளம் உடைய 2,143 பேரைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், இறந்தோ பிறர் உதவியின்றி வாழ இயலாமலோ போனவர்கள் சுருள் வைத்தோரில் 100-க்கு 23.7, கிளிப் மாட்டியோரில் 30.6. சுருள் வென்றது என்று முடிவு கட்டிவிடலாம் அல்லவா? அதே ஆய்வை மேலும் சில ஆண்டு தொடர்ந்தபோது, மறுசிகிச்சை தேவைப்பட்டோர் சுருள் வைத்தோரில் 17.4 விழுக்காடு, கிளிப் மாட்டியோரில் 3.8 விழுக்காடுதான்! சுருள் உயிரைக் கூடுதலாகக் காத்தது. ஆனால் அடைப்பு அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

அடைத்தது திறப்பது ஏன்?

கடலில் கொட்டிய கற்களை அலை ஓயாமல் இடிக்கிறது. சில கற்கள் இடம் பெயரும், குவியல் அமுங்கும், மேலும் கல் கொட்ட வேண்டியிருக்கும். சுருளுக்கும் இதே கதி. நிமிடத்துக்கு 70 முறை என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை இரத்தத் துடிப்பு கழுத்து வழியாகச் சுருள் கண்டை இடிக்கிறது. கண்டு உள்நோக்கி அமுங்குகிறது. நன்கு நெருக்கமாகச் சுருட்டிய கொப்புளத்திலும் உலோகம் நிரப்பும் இடம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி எல்லாம் உறைந்த இரத்தம். அந்த உறைவைக் கரைக்கும் பொருள்கள் இரத்தத்திலேயே உள்ளன. கொப்புளத்தின் சுவரும் உயிருள்ள திசு ஆதலால், மேலும் விரியலாம். கழுத்து அகலமாக இருந்தால் இவை யாவும் எளிதில் நடக்கும். பை பெரிதானால் இன்னும் எளிது.

கனடாவில் ழான் ரேமோனும் அவர் குழுவினரும் சுருள் வைத்த 383 கொப்புளங்களைத் தொடர்ந்து படம் பிடித்துப் பார்த்து 2003-இல் எழுதினார்கள். 33.6 விழுக்காட்டில் இரத்தம் மீண்டும் புகுந்திருந்தது. மூன்றில் ஒன்று! இங்கே ஒரு விளக்கம் தேவை. 'மீண்டும் திறந்தது' என்பது படத்தில் தெரியும் நிலை. 'மீண்டும் வெடித்தது' என்பது வேறு, மிக அரிதானது. சற்றே திறந்த கழுத்தைப் பல வேளைகளில் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். செய்தித்தாளில் இவ்விரண்டையும் குழப்பி எழுதுவதுண்டு, நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஸ்டென்ட் வருகிறது

இதயத் தமனியில் ஸ்டென்ட் வைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே குறுகிய குழாயை விரிப்பது அதன் வேலை. மூளைக் கொப்புளத்தில் வேலை வேறு. கழுத்துக்கு எதிரே தமனிக்குள் ஒரு கம்பி வலைக் குழாயை விரித்து வைத்து, அதன் கண்கள் வழியே சுருளைப் பைக்குள் செலுத்துகிறார்கள். வேலி இருப்பதால் அகலக் கழுத்திலும் சுருள் வெளியே சரிந்து தமனியை அடைக்காது. இது ஸ்டென்ட் துணையோடு சுருள் வைக்கும் முறை. 2002 முதல் இதற்கென்றே செய்த மென்மையான ஸ்டென்டுகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் புழக்கத்துக்கு வந்தன.

பலன் என்ன? பிரான்சில் மிஷேல் பியோட்டேனும் உடன் பணியாற்றியோரும் 2010-இல் தம் கணக்கை வெளியிட்டனர். தொடர்ந்து பார்த்த கொப்புளங்களில், ஸ்டென்ட் வைத்தவற்றில் மீண்டும் திறந்தவை 14.9 விழுக்காடு, வைக்காதவற்றில் 33.5 விழுக்காடு. பாதிக்கும் குறைவு! ஆனால் அதே தாளின் அடுத்த வரி: சிகிச்சையினால் நேர்ந்த இறப்பு ஸ்டென்ட் வைத்தோரில் 4.6 விழுக்காடு, வைக்காதோரில் 1.2. ஸ்டென்ட் தேவைப்பட்டவை கடினமான கொப்புளங்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எவ்வாறாயினும், எண்களைப் படிக்கும்போது ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஒரு துணிச்சலான எண்ணம் எழுந்தது. வலையை இன்னும் நெருக்கமாகப் பின்னினால் சுருளே தேவை இல்லையே! இதுதான் ஓட்டம் திருப்பும் ஸ்டென்ட். 2011-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த பைப்லைன் என்னும் கருவி, 48 நுண்கம்பிகளால் பின்னியது. அது விரியும்போது தமனிச் சுவர்ப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உலோகம் மூடும். மீதி திறந்த கண்கள்.

கண்கள் திறந்திருக்கும்போது கொப்புளம் எப்படி அடைபடும்? இது அடைபடுமானால், அதே வலை மூடி நிற்கும் மற்றக் கிளைத் தமனிகளும் அடைபட்டு மூளைக்கு இரத்தம் இல்லாமல் போகாதா? நல்ல கேள்வி, கருவியைச் செய்தவர்களும் முதலில் இதற்குத்தான் அஞ்சினார்கள். விடை இயற்பியலில் இருக்கிறது. கிளைத் தமனி ஓர் ஆறு போன்றது: அதற்கு மறுமுனை உண்டு, அங்கே அழுத்தம் குறைவு. ஆகவே வலையின் கண்கள் வழியே இரத்தம் இழுக்கப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கொப்புளமோ முட்டுச்சந்து. உள்ளே போன இரத்தம் அதே வாய் வழியேதான் திரும்ப வேண்டும். அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது பக்கத்தில் பாயும் ஓட்டத்தின் உந்துதல் மட்டுமே. வலை அந்த உந்துதலைத் தடுத்ததும் சுழற்சி அடங்குகிறது. கொற்கையில் நடந்தது இங்கே நடக்கிறது. அங்கே படிந்தது வண்டல். இங்கே நடப்பது உறைதல் என்னும் வேதிவினை. உவமையை இதற்கு மேல் நீட்டக்கூடாது. சில நாளிலிருந்து பல மாதத்துக்குள் பை உறைந்து, உறைந்தது மெல்லக் கரைந்து திசுவாக மாறி, கொப்புளமே சுருங்கிவிடும்.

சிப்பி சொல்லும் பாடம்

உறைவு மட்டும் போதாது. கழுத்தின் குறுக்கே உயிருள்ள ஒரு கதவு வேண்டும். அதை அமைப்பது ஸ்டென்ட் அன்று, உடல்.

மீண்டும் தூத்துக்குடிக்கு வாருங்கள். அங்கே கடலடிப் பார்களில் காலமெல்லாம் முத்துக் குளித்தார்கள். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக மூச்சடக்கி மூழ்கியவர்கள் சிப்பி அள்ளினார்கள். அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. பார்களில் சிப்பி அருகிப்போயிற்று. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே.அழகர்சுவாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். சிப்பியின் உடலுக்குள் ஓட்டினால் ஆன சிறு மணி ஒன்றை வைத்து, அதோடு மற்றொரு சிப்பியின் மேன்டில் எனப்படும் மென்திசுவில் ஒரு துண்டையும் ஒட்டி வைப்பார்கள். அந்தத் துண்டின் செல்கள் பெருகி, மணியைச் சுற்றி ஒரு பையாக வளர்ந்து, முத்துப்பொருளைச் சுரந்து மூடுகின்றன. இதற்குப் பல மாதம் ஆகும். சில சிப்பிகள் மணியை ஏற்காமல் வெளியே தள்ளிவிடுவதும் உண்டு.

ஸ்டென்டுக்கும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. தமனியின் உட்சுவரை எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. ஸ்டென்டின் இரு முனையிலும், சுவரைத் தொடும் இடங்களிலும் இருந்து இச்செல்கள் கம்பிகளின் மேல் ஊர்ந்து பரவுகின்றன. கம்பி ஒரு சாரம், செல்கள் பூச்சு. கழுத்தின் குறுக்கே பூச்சு முழுமையானதும் தமனி புதிய சுவர் பெற்றுவிடுகிறது. கம்பி சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால் செல்களுக்குப் பாலம் இல்லை. அங்கே மூடல் தாமதப்படும், சில வேளை நடக்காமலே போகும். மருத்துவர் ஸ்டென்டின் அளவைத் தேர்ந்தெடுக்க மெனக்கெடுவது இதற்காக.

இப்போது எண்களைப் பாருங்கள். பெரிய கொப்புளம் உடைய 108 பேரிடம் பைப்லைன் கருவியைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களது கொப்புளங்களின் சராசரி அளவு 18 மில்லிமீட்டர். சுருளுக்கு அடங்காதவை, அல்லது சுருள் வைத்துத் தோற்றவை. 6 மாதத்தில், தமனி பெரிதும் குறுகாமல் முழுமையாக மூடியவை 73.6 விழுக்காடு. ஓராண்டில் முழுமையாக மூடியிருந்தவை 86.8, மூன்றாண்டில் 93.4, ஐந்தாண்டில் 95.2. ஒருமுறை முழுமையாக மூடிய கொப்புளம் பின்னர் திறந்ததாக அந்த ஆய்வில் காணப்படவில்லை. சுருளில் காலம் பகை. இங்கே காலம் நட்பு. ஸ்டென்டுக்கு ஆதரவான வாதங்களில் வலிமையானது இதுவே.

ஆனால் சற்றுப் பொறுங்கள். ஐந்தாண்டில் 95.2 விழுக்காடு என்பது 63-இல் 60. 108 பேரில் தொடங்கிய ஆய்வு அல்லவா? மூன்றாண்டுக் கணக்கு 76-இல் 71. ஓராண்டுக் கணக்கு 91-இல் 79. வகுக்கும் எண் சுருங்கிக்கொண்டே வருகிறது! படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களை மட்டுமே எண்ண முடியும். வராதவர்களையெல்லாம் மூடாதவர்கள் என்று கடுமையாகக் கொண்டால் 108-இல் 60, அதாவது 55.6 விழுக்காடு. அப்படிக் கொள்வதும் முழு நியாயம் அன்று. முன்னரே மூடியது தெரிந்ததால் வராதவர்களும் அவர்களில் இருப்பர். உண்மை இரண்டுக்கும் இடையே, மேல் எண்ணுக்கு அருகில், இருக்கக்கூடும். ஒரு விழுக்காட்டைக் கண்டால் 'எத்தனை பேரில்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

அந்த 108 பேரில் 5.6 விழுக்காட்டினருக்குக் கடும் பக்கவாதமோ, நரம்பியல் காரணத்தால் இறப்போ நேர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவில் நடந்த வேறோர் ஆய்வு, ஓட்டம் திருப்பும் ஸ்டென்ட் எதிர்பார்த்த அளவு பாதுகாப்பாக இல்லை என்று கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அரிதாக, ஸ்டென்ட் வைத்துச் சில நாள் கழித்துக் கொப்புளம் வெடித்ததும் உண்டு. எனவே சின்னஞ்சிறு கொப்புளம் தற்செயலாகத் தெரிந்தவருக்கு, 'ஒன்றும் செய்யாமல் கவனிப்போம்' என்று மருத்துவர் சொன்னால், அது கைவிரிப்பு அன்று. கணக்குப் போட்டுச் சொன்ன சொல்.

மாத்திரையின் வேலை

எண்டோதீலியம் மூடும் வரை கம்பி வெறும் உலோகம். இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டினால் உறைகட்டி உண்டாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகிய இரு மருந்துகளைச் சில மாதம் தருவது வழக்கம். பின்னர் ஆஸ்பிரின் மட்டும் நெடுநாள் தொடரும். பைக்குள் உறைய வேண்டும், குழாய்க்குள் உறையக்கூடாது! பைக்குள் இரத்தம் தேங்கி நிற்பதால் மருந்தையும் மீறி அங்கே உறைகிறது. ஓடும் குழாயில் மருந்து காவல் நிற்கிறது. கொப்புளம் வெடித்து இரத்தம் கசிந்த நிலையில் வந்தவருக்கு ஸ்டென்ட் வைக்க மருத்துவர்கள் தயங்குவது இந்த மருந்துகளால்தான்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டார். தலைவலி இல்லை, கையும் காலும் நன்றாக இருக்கின்றன. மூன்றாம் மாதம் மாத்திரை தீர்கிறது. 'நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு?' என்கிறார். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகுமே என்று தள்ளிப்போடுகிறார். அவர் நலமாக உணர்வது உண்மை. ஆனால் கழுத்தில் கதவு முளைத்ததா என்பது உணர்ச்சியால் தெரியாது. திறந்த கொப்புளம் வலிப்பதில்லை. ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ, பின்னரும் மருத்துவர் குறிக்கும் இடைவெளிகளிலோ எடுக்கும் ஆஞ்சியோகிராம் ஒன்றே அதைக் காட்டும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மாத்திரை அட்டையில் எத்தனை மீதி என்று பார்க்கும் பொறுப்பைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் விடலாம். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.

திருவனந்தபுரத்தில் ஒரு வலை

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் வழியே போனால் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்துக்குத் தென் மாவட்டத்தார் பலரும் போவதுண்டு. 1990-இல் உள்நாட்டிலேயே செய்த செயற்கை இதய வால்வை நோயாளிக்குப் பொருத்திய நிலையம் அது. 2021 ஜனவரியில் அந்நிலையம் உருவாக்கிய ஓட்டம் திருப்பும் ஸ்டென்ட் பற்றிய அறிவிப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய ஸ்டென்ட் ஒன்றின் விலை 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்றும், இந்தியாவில் அதுவரை எவரும் தயாரிக்கவில்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

அதன் கம்பி நிட்டினால். அமெரிக்கக் கடற்படையின் ஓர் ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்ட கலவை அது. நிக்கல், டைட்டேனியம் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகளோடு அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகளும் சேர்ந்து பெயராயின. சாதாரணக் கம்பியை மடக்கினால் மடிந்தே நிற்கும். நிட்டினாலை நுண்குழாய்க்குள் நெருக்கித் திணித்து, மூளையில் வெளியே தள்ளினால், தன் பழைய வடிவத்துக்குத் தானே விரிந்துவிடும். திருவனந்தபுரத்து ஸ்டென்டுக்கான கலவையை அளித்தது பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம். விமானத்துக்காக ஆராய்ந்த உலோகம் மூளைத் தமனிக்கு வந்துசேர்ந்தது. தமனி வளையும் இடத்திலும் குழாயின் வட்டமான உள்வெளி நசுங்காதபடி அதன் பின்னல் அமைந்திருக்கிறது. கம்பிகளின் சில பகுதிகள் எக்ஸ் கதிரில் தெரியும்படி செய்யப்பட்டுள்ளன; வைக்கும் மருத்துவர் திரையில் பார்த்து வைக்க வேண்டுமே! புணே நகரின் பயோராட் மெடிசிஸ் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத்தை வழங்க ஒப்பந்தம் செய்தார்கள். விலங்குகளில் சோதனை, அதன் பின் மனிதரில் சோதனை என்பவை அடுத்த படிகள் என்று அப்போது அறிவித்தார்கள். அதன் முடிவு எண்களாக அச்சில் வரும் நாளில், ஆறு மாதத்தில் எத்தனை மூடின, ஐந்தாண்டில் எத்தனை மூடியே இருந்தன, படம் எடுக்க எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அட்டவணையில் எங்கே தேட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.